இரண்டாம் மணி அடித்துவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடிந்து சிறிது நேரம்தான் ஆகிறது.

"டாண்... டாண்... டாண்..."

கோவில் மணி அடிக்கிறது. இது முதல் மணி.

தூத்துக்குடி மாவட்டத்தில், சிவந்த தேரி மணலும் பனைமரங்களும் நிறைந்த ஒரு சிற்றூர் அது. ஊரின் நடுவே ஒரு கிறிஸ்தவக் கோவில். அதைச் சுற்றி வீடுகள்.

முதல் மணி அடித்தால், "குளித்துப் புறப்படுங்கள்" என்று பொருள். இரண்டாம் மணி அடித்தால், "வீட்டை விட்டு இறங்குங்கள்" என்று பொருள். மூன்றாம் மணி அடித்தால், ஆராதனை தொடங்கிவிடும்.

வீட்டுக்கு வீடு கடிகாரம் இல்லாத காலத்தில் ஏற்பட்ட பழக்கம் இது. இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. அதில் மணி தெரிகிறது. ஆனாலும், கோவில் மணி அடித்த பிறகுதான் தாய்மார்கள் பிள்ளைகளைப் பிடித்து இழுத்து, தலையில் எண்ணெய் தடவுகிறார்கள்!

வாரந்தோறும் இப்படிக் கிளம்பிப் போக வேண்டுமா? கடவுளை வீட்டில் இருந்தே கும்பிடலாமே? ஜெபம் செய்ய நாலு சுவர் போதாதா?

அந்த ஊரில் ஒரு அம்மாளிடம் இதைக் கேட்டேன். வயது 60-க்கு மேல் இருக்கும். குளித்து முடித்து, வெளுத்த சேலை உடுத்தி, வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் மணிக்காகக் காத்திருந்தார்.

"ஜெபம் பண்ண நாலு சுவர் போதும் தம்பி. நானும் ஒரு தடவை வீட்டுக்குள்ளேயே இருந்து பார்த்தேன். என்னால முடியல" என்றார்.

அவர் தன் கதையைச் சொன்னார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

காலியான இடம்

அவருடைய கணவர் பனையேறி. பல ஆண்டுகளுக்கு முன்பு, பதநீர் இறக்கும் பருவம். ஒரு நாள் விடியற்காலையில் மரத்தில் இருந்து தவறி விழுந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தது எட்டாம் வகுப்பு. கையில் காசு இல்லை.

அடக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மாள் கோவிலுக்குப் போகவில்லை.

"கடவுள் மேல கோபம். நாலு பேர் முகத்துல முழிக்க வெட்கம். எல்லாரும் என்னைப் பார்த்து 'பாவம், பாவம்'னு சொல்லுவாங்க. அதைக் கேட்க என்னால முடியாது. மணி அடிச்சா எழுந்திருச்சு போய்க் கதவைச் சாத்திக்கிடுவேன்."

ஒரு ஞாயிறு போயிற்று. இரண்டு போயிற்று. நாலு போயிற்று.

அந்தக் கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். தரையில் பாய் விரித்திருக்கும். இடம் யாருக்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அவரவர் வழக்கமாக உட்காரும் இடம் ஒன்று இருக்கும். அந்த அம்மாளுக்கு, ஜன்னல் ஓரம் மூன்றாவது வரிசை. அந்த நாலு வாரமும் அங்கே யாரும் உட்காரவில்லையாம்!

பக்கத்தில் உட்காரும் பெண்கள் மூன்று பேர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். புத்தி சொல்லவில்லை. "கடவுள் சித்தம்" என்று ஆரம்பிக்கவில்லை. ஒருத்தி தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். ஒருத்தி பாத்திரங்களைக் கழுவி வைத்தாள். மூன்றாவது பெண் சும்மா உட்கார்ந்திருந்தாள். போகும்போது அவள்தான் ஒரு வார்த்தை சொன்னாள்.

"மைனி, நீங்க இல்லாம பாட்டு எடுக்க ஆள் இல்ல. நாலு வாரமா பாட்டு இழுத்துக்கிட்டே போவுது."

அந்த அம்மாளுக்கு நல்ல குரல். பெண்கள் பக்கத்தில் பாட்டை முதலில் எடுப்பவர் அவர்தான். அவர் எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

ஐந்தாம் ஞாயிறு அவர் போனார். பாட்டு ஆரம்பமாயிற்று. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. கண்ணீர் கொட்டியது.

"எனக்குப் பதிலா இந்தப் பக்கம் இருந்தவளும் அந்தப் பக்கம் இருந்தவளும் பாடினாங்க. நான் நடுவுல உட்கார்ந்து கேட்டேன். எனக்கு நம்பிக்கையே இல்ல தம்பி அன்னைக்கு. ஆனா அவங்களுக்கு இருந்துது. அன்னைக்கு அவங்க நம்பிக்கையிலதான் நான் உட்கார்ந்திருந்தேன்."

எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு பேச்சை நான் கேட்டது இல்லை.

மறுபடியும் அவர் குரல் வெளியே வர ஆறு மாதம் ஆயிற்றாம். ஆனால் அந்த ஆறு மாதத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் தவறவில்லை.

விடியுமுன் ஒரு பாட்டு

கிறிஸ்தவர்கள் கோவில் கட்டக் கற்றுக்கொள்ளுமுன்பே, கூடக் கற்றுக்கொண்டார்கள்.

சுமார் கி.பி. 112-ம் ஆண்டு. இன்று துருக்கி என்று சொல்லும் நாட்டின் வடபகுதியில், பிளினி என்ற ரோமானிய ஆளுநர் இருந்தார். கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில், பொழுது விடியுமுன் கூடுகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், திருடுவது இல்லை என்றும், சொன்ன சொல் மாறுவது இல்லை என்றும் உறுதி எடுக்கிறார்கள், பிறகு மறுபடியும் கூடிச் சாப்பிடுகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது.

304-ம் ஆண்டு. வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியா நாட்டில் அபிடினா என்று ஓர் ஊர். கிறிஸ்தவர்கள் கூடக் கூடாது என்று பேரரசர் டயோக்லீசியன் தடை போட்டிருந்தார். தடையை மீறி, ஒரு வீட்டில் ஞாயிறு ஆராதனைக்குக் கூடிய 49 பேர் பிடிபட்டார்கள். "ஏன் கூடினீர்கள்?" என்று அதிகாரி கேட்டார். அந்தக் கூட்டம் இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்று பதில் வந்தது. அதற்காக அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

அவர்களை அங்கே இழுத்தது எது? கட்டிடம் அல்ல. அங்கே கட்டிடமே இல்லை. பக்கத்தில் இருந்த ஆள்தான்!

முதல் ஊர்

நம் நாட்டுக்கு வருவோம்.

திருநெல்வேலிச் சீமையில் புதிதாகக் கிறிஸ்தவர் ஆனவர்களுக்கு, ஆரம்பத்தில் பல இடங்களில் நிம்மதி இல்லை. அடி, உதை, ஊர் விலக்கு எல்லாம் உண்டு. ஜெபக்கூடங்கள் இடிக்கப்பட்டன. தீ வைக்கப்பட்டன. இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தவர்கள் பயந்து போனார்கள்.

அப்போது டேவிட் சுந்தரானந்தம் என்ற தமிழ் ஊழியர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாரும் ஒரே இடத்தில் குடியேறுவது என்பதே அந்த வழி. 1799-ம் ஆண்டு, சாத்தான்குளம் பக்கம் ஒரு புது ஊர் பிறந்தது. அதற்கு முதலூர் என்று பெயர் வைத்தார்கள். பெயருக்கு ஏற்றபடி, அந்தச் சீமையின் முதல் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவக் குடியிருப்பு அது.

பிறகு ஊர்கள் பெருகின. நிலம் வாங்கவும், வீடு இழந்தவர்களைக் குடியேற்றவும் ரேனியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1830-ம் ஆண்டு தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோவில். ஒவ்வொரு கோவிலுக்கும் ஒரு மணி. காலையிலும் மாலையிலும் உபதேசியார் மணி அடிப்பார். தலையில் சுமையோடு போகிறவர்களும் நின்று ஜெபம் செய்துவிட்டுப் போவார்கள்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை எல்லாருக்கும் தெரியும். அவர் வாழ்ந்த இடையன்குடியில் ஒரு பெரிய கோவில் இருக்கிறது. 1847-ம் ஆண்டு தொடங்கிய வேலை, 1880-ம் ஆண்டுதான் முடிந்தது. 33 ஆண்டுகள்! அதற்குள் ஒரு தலைமுறை போய் அடுத்த தலைமுறை வந்துவிட்டது. தொடங்கியபோது தாயின் இடுப்பில் இருந்த பிள்ளை, முடிந்தபோது தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கும்.

அந்த நாளில் பலருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பாட்டுத் தெரியும். திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல் பிறந்து, 1864-ல் மறைந்தார். தமிழ் ராகத்தில், தமிழ்ச் சந்தத்தில் அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கட்டிக் கொடுத்த கீர்த்தனைகள், எழுத்து அறியாதவர் வாயிலும் ஏறிவிட்டன. ஒருவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட, நாலு வாரத்தில் பாட்டு மனப்பாடம்! தனியாக இருந்தால் இந்தப் படிப்பு நடக்குமா?

ஒரு முட்டை ஐம்பது ரூபாய்!

நான் போன கோவிலில், ஆராதனை முடிந்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது.

காணிக்கை என்றால் பணம் மட்டும் அல்ல. முதல் காய்ப்பு முருங்கைக்காய், முதல் முட்டை, பூசணி, கருப்புக்கட்டி, ஆட்டுக்குட்டி எல்லாம் வரும். தாய்மார்கள் தினம் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அதையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். தன் வீட்டில் குறைவாக இருக்கும் நாளிலும் அந்தப் பிடி குறையாது.

வந்த பொருள்களைச் சபை ஊழியர் ஏலம் விடுவார்.

"நாட்டுக்கோழி முட்டை! ஒரே முட்டை! கேள்வி பத்து ரூபாய்!"

"பதினைந்து!"

"இருபது!"

"ஐம்பது!" என்றார் ஒருவர். ஒரே சிரிப்பு. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" ஏலம் எடுத்தவர் என்ன செய்தார் தெரியுமா? அதே முட்டையை மறுபடியும் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்! மறுபடியும் ஏலம். அந்த முட்டை மூன்று தடவை விலை போயிற்று.

அந்த முட்டையைக் கொண்டுவந்தவள் ஒரு கிழவி. தனி ஆள். ஒரு கோழிதான் அவள் சொத்து. தன் முட்டை இப்படி விலை போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயில் பல் இல்லை. அவள் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை அசனம் நடக்கும். அசனம் என்றால் ஊர் கூடிச் சமைத்து, ஊர் கூடிச் சாப்பிடும் விருந்து. அடுப்பு வெட்டுவது முதல் இலை எடுப்பது வரை எல்லா வேலையும் சபையாரே செய்வார்கள். சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருப்பவர்கள்கூட அதற்காக ரெயில் ஏறி வந்துவிடுவார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களால் அப்படி வர முடியாது. அங்கே பல இடங்களில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதனால் வெள்ளிக்கிழமையே கூடித் தமிழில் பாடுகிறார்கள். நாள் மாறினாலும் பழக்கம் மாறவில்லை.

சுவரும் சண்டையும்

எல்லாம் இனிப்பு என்று எழுதினால் அது பொய்.

கோவிலிலும் சண்டை உண்டு. முதல் பாயில் யார் உட்காருவது என்று சண்டை. சபைத் தேர்தலில் சண்டை. பிரசங்கம் நீண்டால், பின்வரிசையில் தூங்குகிறவர்களும் உண்டு.

இதைவிடப் பெரிய குறையும் இருந்தது. வடக்கன்குளத்தில் 1872-ம் ஆண்டு கட்டிய கத்தோலிக்கக் கோவிலில், ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று நடுவே சுவர் இருந்தது. ஒரே கடவுளைக் கும்பிட வந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கும்பிட்டார்கள்! 1910-ம் ஆண்டு அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதற்கும் வழக்கு நடந்தது. கல் சுவர் போனாலும், மனதில் உள்ள சுவர் எல்லா இடத்திலும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார இடம் கொடுக்காத கூட்டத்தில் யாருக்கு ஆறுதல் கிடைக்கும்?

நர்சுகள் சொன்ன பதில்

கூடி வழிபடுவதால் உடம்புக்கும் நல்லதா? அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதன் முடிவை 2016-ம் ஆண்டு வெளியிட்டார்கள்.

அதில் 74 ஆயிரத்து 534 பெண்கள் பற்றிய விவரம் சேர்க்கப்பட்டது. எல்லாரும் நர்சு வேலை பார்த்தவர்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். சுமார் 16 ஆண்டுகள் கணக்குப் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஆராதனைக்குப் போனவர்களிடையே, போகவே போகாதவர்களைவிட மரணம் 33 சதவீதம் குறைவாக இருந்தது!

கோவிலுக்குப் போனால் ஆயுள் கூடும் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே நடந்து போக முடியும்? அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஆராய்ந்தார்கள். காரணங்களில் சிலவற்றையும் சொன்னார்கள். அவர்கள் புகை பிடிப்பது குறைவு. மனச்சோர்வு குறைவு. அதோடு, துன்பம் வந்தால் கைகொடுக்க ஆள் உண்டு.

இதைத் திண்ணையில் இருந்த அம்மாளிடம் சொன்னேன். "இதுக்கு 16 வருஷமா?" என்று கேட்டார்.

மூடிய கதவு

2020-ம் ஆண்டு, கொரோனா நோய் பரவியது. மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுவதும் ஊரடங்கு. எல்லா வழிபாட்டு இடங்களும் மூடப்பட்டன. ஏப்ரல் 12-ந் தேதி ஈஸ்டர் பண்டிகை. உலகத்தின் பெரும்பகுதியில் அன்று கோவில்களில் ஆட்கள் இல்லை.

ஆராதனை செல்போனில் வந்தது. அந்த அம்மாளின் மகன் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக் காட்டினார்.

"அய்யர் முகம் நல்லாத் தெரிஞ்சுது. பேச்சும் கேட்டுது. ஆனா பக்கத்துல யார் இருக்கா, யார் வரலன்னு தெரியல. யாருக்கு உடம்பு சரியில்ல, யார் வீட்டுல அடுப்பு எரியலன்னு போன் சொல்லுமா தம்பி?"

படுக்கையில் இருப்பவர்களுக்கும் தூரத்தில் இருப்பவர்களுக்கும் போன் பெரிய உதவிதான். அதை அவரும் ஒப்புக்கொண்டார்.

கோவில் கதவு இதைவிட நீண்ட காலம் மூடிக்கிடந்த நாடும் உண்டு. நம்முடைய மணப்பாடு, தூத்துக்குடி கடற்கரையில் 1542-ம் ஆண்டு முதல் ஊழியம் செய்தவர் புனித சவேரியார். அவர் 1549-ம் ஆண்டு ஜப்பானுக்குப் போனார். அங்கே பலர் கிறிஸ்தவர் ஆனார்கள். 1614-ம் ஆண்டு அரசு தடை போட்டது. குருமார் துரத்தப்பட்டார்கள். கோவில்கள் இடிக்கப்பட்டன. ஏசு படத்தைக் காலால் மிதிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். மிதிக்க மறுத்தால் தண்டனை.

நாகசாகி பக்கத்துக் கிராமங்களில் அவர்கள் மறைவாகக் கூடினார்கள். ஒருவர் திருநாள் கணக்கை மனதில் வைத்திருந்தார். ஒருவர் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஜெபங்களை வாய்வழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்படியே சுமார் 250 ஆண்டுகள்!

1865-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி. நாகசாகியில் வெளிநாட்டாருக்காகக் கட்டிய புதுக் கோவிலுக்குச் சிலர் வந்தார்கள். அங்கிருந்த பிரெஞ்சுக் குருவானவர் பெட்டிஜான் பக்கத்தில் ஒரு பெண் போனார். எங்கள் மனமும் உங்கள் மனமும் ஒன்றே என்று மெதுவாகச் சொன்னார். குருவானவர் திகைத்துப் போனார். அதற்குப் பிறகும் அவர்களுக்குத் துன்பம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் நாடு கடத்துவதுபோல் வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1873-ம் ஆண்டுதான் தடை போயிற்று.

ஒவ்வொருவரும் தனித்தனியாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருந்தால், 1865-ல் அந்தக் கோவிலுக்கு வர யார் இருந்திருப்பார்கள்?

தமிழ்நாட்டில் 2020-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி முதல் எல்லா வழிபாட்டு இடங்களையும் திறக்க அனுமதி கிடைத்தது. அந்த ஊர்க் கோவிலும் திறந்தது. பாய் விரிக்கவில்லை. தள்ளித் தள்ளி வட்டம் போட்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் முகக்கவசம்.

"முகம் தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? பாட்டு ஆரம்பிச்ச உடனே குரலை வச்சே எண்ணிட்டேன். ரெண்டு குரல் குறைஞ்சுது" என்றார் அந்த அம்மாள். பிறகு சிறிது நேரம் பேசவில்லை.

"டாண்... டாண்... டாண்..."

இரண்டாம் மணி!

அவர் வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோவில் கிழக்கே இருக்கிறது. அவர் மேற்கே நடந்தார்.

"எங்கே போகிறீர்கள் அம்மா?"

"அந்த ஓட்டு வீட்டுல ஒரு பிள்ளை இருக்கு தம்பி. மூணு வாரமா வரல. போன மாசம் அவ மகன் பைக்குல போயி..." என்றவர் முடிக்கவில்லை.

ஓட்டு வீட்டின் கதவு சாத்தியிருந்தது. அவர் தட்டவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தார்.

"ஏ பிள்ளா, நான்தான். அவசரம் இல்ல. மெதுவாப் புறப்படு. மூணாம் மணிக்கு இன்னும் நேரம் கெடக்கு."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது.